117-ஆம் கார்டில் ஒரு திருத்தம்

ஜூன் 4, 2022, சனி

இன்று செக்கிங். நான் காலை ஏழு மணிக்கே போய் வரிசையில் நின்றேன். என் கார்டுக்காரர் ஒன்பதேகாலுக்கு வந்து சேர்ந்தார். காதில் வெள்ளைப் பெயின்ட், புருவத்தில் வெள்ளைப் பெயின்ட்.

"முகத்தைக் கழுவிப்போட்டு வரத் தெரியாதோ?" என்று கேட்டேன்.

"கழுவினதுதான் இது" என்றார்.

அதற்குமேல் அந்த மனிதரிடம் என்ன கேட்பது?

எங்கள் அகதி முகாமில் மாதம் ஒருமுறை இந்தச் செக்கிங். குடும்பம் குடும்பமாக மேசைக்கு முன்னால் போய் முகத்தைக் காட்டிப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். முகம் காட்டினால்தான் அந்த மாதத்து உதவித்தொகை, அரிசி எல்லாம். எங்கள் கார்டு எண் 117. குடும்பத் தலைவர் குலசிங்கம், மனைவி மெற்றில்டா. மகள் ஜெனிற்றா கல்யாணம் முடித்துத் தனிக் கார்டோடு மூன்று வரிசை தள்ளிப் போய்விட்டாள். அதனால் மேசைக்கு முன்னால் நாங்கள் இரண்டு பேர்தான் நிற்கிறோம், ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு.

இந்த டயரியை வாசிக்கப் போவது நான் ஒருத்திதான். ஆகவே ஒளிக்க ஒன்றுமில்லை. அவர் என் புருசன் இல்லை. கார்டில் மட்டும்தான். முப்பத்திரண்டு வருசமாகப் பக்கத்துப் பக்கத்து அறை. எனக்கொரு கதவு, அவருக்கொரு கதவு. எனக்கொரு அடுப்பு, அவருக்கொரு அடுப்பு. முகாமில் மற்ற எல்லாரும், நாங்கள் கல்யாணம் கட்டியபின் ஏதோ சண்டை பிடித்துப் பிரிந்த சோடி என்றும், இன்னும் கோபம் ஆறவில்லை என்றும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். நம்பட்டும். உண்மை தெரிந்தது எங்கள் இருவருக்கும் ஜெனிற்றாவுக்கும் மட்டும்.

இன்று வரிசையைக் கலைய விடாமல் புது வருவாய் ஆய்வாளர், எங்கள் ஆர்.ஐ. அம்மா, எழுந்து நின்று பேசினார். பெயர் செண்பகவல்லி. சின்ன வயசு, பெரிய குரல்.

"புது வீடெல்லாம் ரெடியாயிட்டு வருது. கார்டு ஒண்ணுக்கு ஒரு வீடு. இந்தப் பழைய லைன் எல்லாத்தையும் மாசக் கடைசில இடிச்சிருவோம். கார்டுல பேரு சேர்க்கணும், எடுக்கணும், பிரிக்கணும்னா இருபதாம் தேதி ஒரே நாள்தான். அதுக்கப்புறம் என்கிட்ட வந்து அழக் கூடாது!"

எல்லாரும் கை தட்டினார்கள். விசில்கூட அடித்தார்கள். பிறகு அவர் சொன்னார்: "தனியா இருக்கிற பொம்பளைங்களுக்கும் இங்கயே வீடு உண்டு. தனி ஆம்பளைங்களுக்கு இங்க கிடையாது. பக்கத்து மாவட்ட முகாம்ல ரூம் இருக்கு, அங்க மாத்திருவோம்."

எனக்குப் பின்னால் நின்ற இராசமலர் என் முதுகில் குத்தினாள். "என்ன மெற்றில்டாக்கா, ஒரு வீடு, ஒரு கதவு! இனி எங்க போய்ச் சண்டை பிடிக்கப் போறியள்?"

நான் கார்டுக்காரரைப் பார்த்தேன். அவர் காதில் ஒட்டிய பெயின்டை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

ஜூன் 5, ஞாயிறு

பூசைக்குப் போய் வந்து மீன் குழம்பு வைத்தேன். மிஞ்சிவிட்டது. வழமைபோலச் சுவருக்கு மேலால் கொடுத்தேன்.

இந்த லைன் வீடுகளின் நடுச்சுவர் கூரை வரைக்கும் போவதில்லை. ஆள் உயரத்துக்கு மேல் ஒரு முழம் வெளிதான். அதனால் அலுமினியக் கிண்ணத்தைச் சுவரின் மேல் வைத்து இரண்டு தட்டுத் தட்டுவேன், அந்தப் பக்கத்தால் கை வரும். கழுவின கிண்ணம் பின்னேரம் திரும்பி வரும். ஒருநாளும் வெறுமையாக வராது. தேசிக்காய் (இங்கே எலுமிச்சை என்கிறார்கள்) வரும், முருங்கையிலை வரும், ஒரு தரம் ஊக்குப்பின் ஒரு டசின் வந்தது. இன்று இரண்டு மாம்பழம்.

ஏதோ நான் அவருக்குச் சமைத்துப் போடுகிறேன் என்று யாரும் நினைக்கக் கூடாது. மிஞ்சினால் கொடுப்பேன். தினமும் மிஞ்சுகிறது, அதற்கு நான் என்ன செய்ய?

ஜெனிற்றா வந்து குழம்பை வாயில் வைத்துவிட்டு, "அம்மா, உப்புக் கையைக் கொஞ்சம் இறுக்கிப் பிடியுங்கோ, கடலுக்க இருந்து அள்ளின மாதிரி இருக்கு" என்றாள். இராசமலரும் இதையே சொல்வாள். இவர்களுக்கு நாக்குச் சரியில்லை. கார்டுக்காரர் முப்பத்திரண்டு வருசம் சாப்பிட்டிருக்கிறார், ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஜூன் 7, செவ்வாய்

இருபதாம் தேதி என்று ஆர்.ஐ. அம்மா சொன்னாலும் சொன்னார், முகாம் முழுக்க என் கதவடியில் வந்து நிற்கிறது. இந்த முகாமில் மனு எழுதுவது நான்தான். ஊரில் பத்தாம் வகுப்புப் பரீட்சையான ஓ.எல். வரை படித்தேன், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், 'மேற்படி', 'தாழ்மையுடன்' எல்லாம் இடம் பார்த்துப் போடுவேன். கூலி வாங்குவதில்லை. வெள்ளைத் தாளை ஓரம் மடித்துக் கொண்டு வர வேண்டும், நான் கேட்பதற்கு நேராகப் பதில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

எல்லாரிடமும் நான் சொல்வது ஒன்றே: காரணம் இல்லாத மனு நிற்காது. 'வேண்டும்' என்று எழுதினால் போதாது, 'ஏன்' என்று எழுத வேண்டும். இன்று ஒரு பெடியன் வந்தான், மாமியாரைத் தங்கள் கார்டிலிருந்து எடுக்க வேண்டுமாம். காரணம் கேட்டேன். "அவ என்ர மாமி" என்றான். அதுவே போதுமான காரணம் என்று நினைக்கிறான், பாவம். திருப்பி அனுப்பினேன். ஒன்பது மனு முடிந்தது. என்னுடையதை நாளை எழுத வேண்டும்.

ஜூன் 8, புதன்

எழுதவில்லை. தலைமயிருக்கு எண்ணெய் வைத்தேன்.

ஜூன் 9, வியாழன்

புது வீடுகளைப் பார்க்க எல்லாரையும் விட்டார்கள். நல்ல வீடுகள், சும்மா சொல்லக் கூடாது. ஒரு முன்னறை, ஒரு உள்ளறை, குசினி, சொந்தமாகக் கக்கூஸ். நான் கக்கூஸ் கதவைத் திறந்து பூட்டி, திறந்து பூட்டி, நாலு தரம் பார்த்தேன். முப்பத்திரண்டு வருசம் வாளியோடு வரிசையில் நின்றவளுக்குத்தான் அந்தக் கொண்டியின் அருமை தெரியும்.

கார்டுக்காரர் அங்கே ஏணியில் நின்று கூலிக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். அறுபத்தொரு வயதில் ஏணியில் நிற்கிறார். "விழுந்து துலையப் போறியள்" என்றேன். ஏணிக்குப் பாரம் கொடுக்கத்தான் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் அடித்து முடிக்க முக்கால் மணி ஆனது.

"உள்ளறைக்கு என்ன கலர் நல்லம்?" என்று மேலே இருந்து கேட்டார்.

"ஆரின்ர உள்ளறைக்கு?"

"பொதுவாத்தான் கேக்கிறன்."

"பொதுவாக மெல்லிய நீலம் நல்லம்" என்றேன்.

அப்புறம்தான் கவனித்தேன். இந்த வீடுகளின் சுவர் கூரை வரைக்கும் போகிறது. ஒரு விரல் வெளிகூட இல்லை. நல்லதுதான், எலி வராது.

ஜூன் 12, ஞாயிறு

மழை. யாரும் மனுவுக்கு வரவில்லை. உட்கார்ந்திருந்தால் பழையது வருகிறது. வந்ததை எழுதி வைக்கிறேன்.

தொண்ணூறாம் ஆண்டு. நான் மன்னாரில் மீன்பிடிக்காரர் மரியதாசனின் மனைவி. ஜெனிற்றாவுக்கு மூன்று வயது. அந்த ஏப்ரலில் கடலுக்குப் போனவர் வரவில்லை. படகும் வரவில்லை, சடலமும் வரவில்லை. ஓகஸ்ட்டில் சண்டைக்குப் பயந்து ஊர் முழுக்க ஓடியது. நானும் மூட்டையைக் கட்டிக்கொண்டு பிள்ளையோடு படகில் ஏறினேன். அதே படகில் வவுனியாப் பக்கத்து ஆள் ஒருவர் இருந்தார், தனி ஆள், யாரையும் தெரியாது. வழி முழுக்க வாந்தி எடுத்தார்.

இந்தக் கரையில் இடுப்பளவு தண்ணீரில் இறக்கிவிட்டார்கள். எனக்கு மூட்டை ஒரு கை, பிள்ளை ஒரு கை. அந்த ஆள் பிள்ளையை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார். கரையேறியதும் பதிவு. தனியாக வந்த இளம் ஆண்களை ஒரு பக்கம் பிரித்து விசாரணைக்கு நிறுத்தினார்கள். ஜெனிற்றா அவர் கழுத்தை விடமாட்டேன் என்று கத்துகிறாள். எழுதுகிறவர் நிமிர்ந்து, "யாரும்மா இவரு, உன் புருஷனா?" என்று கேட்டார்.

நான் அந்த ஆளின் முகத்தைப் பார்த்தேன். உப்புக் காய்ந்து, பயந்து, வெளிறிப் போயிருந்தது. தலையாட்டிவிட்டேன்.

அவ்வளவுதான் கதை. ஒரு தலையாட்டு, ஒரு கார்டு. எங்கள் ஊர் ஆட்கள் வேறு வேறு முகாம்களுக்குப் போய்விட்டார்கள், இங்கே மரியதாசனைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. பிறகு மாற்றப் போனால் பொய் சொன்ன குற்றம் வருமோ, இரண்டு பேரின் பதிவும் போய்விடுமோ என்று பயந்தே வருசங்கள் ஓடின. முதல் ஆறு மாதம் அவர் முகாம் வாசல் வேப்பமரத்தின் கீழ்தான் படுத்தார். பக்கத்து அறைக் குடும்பம் ஊருக்குத் திரும்பிப் போனபின்பு அந்த அறைக்கு வந்தார். என் கதவுக்குள் ஒருநாளும் கால் வைத்ததில்லை. ஜெனிற்றாவுக்குச் சொல்லி வளர்த்தேன்: செக்கிங் நாளில் 'அப்பா', மற்ற நாளில் 'மாமா'. அவள் பத்து வயது வரை சரியாகச் சொன்னாள். பிறகு எல்லா நாளும் 'அப்பா' என்றாள். நான் திருத்தவில்லை.

நான் மரியதாசனுக்காகக் காத்திருந்தேன். பொய் இல்லை, உண்மையாகவே காத்திருந்தேன். இரண்டாயிரத்து நாலில் ஊர்ப் பங்குச்சாமி கடிதம் போட்டார், அந்தப் படகின் பலகை அகப்பட்டது, அதே நாளில் கடலில் படகைச் சுட்டதைப் பார்த்தவர்கள் சாட்சி சொல்லியிருக்கிறார்கள், இனி ஆன்மாவுக்குப் பூசை ஒப்புக்கொடுக்கலாம் என்று. அன்று அழுது முடித்தேன். அதற்குப் பிறகு காத்திருக்கக் காரணம் இல்லை. பழக்கம்தான் இருந்தது.

மழை விட்டது. கிண்ணத்தில் இன்று பொரிகடலை வந்தது, சுடச் சுட.

ஜூன் 13, திங்கள்

என் மனுவை எழுதத் தொடங்கினேன். 'பொருள்: கார்டு எண் 117-ஐப் பிரித்துத் தரக் கோருதல்.' காரணம் என்ற இடத்தில் பேனை நின்றுவிட்டது. கிழித்தேன்.

'பொருள்: கார்டு எண் 117-ஐப் பிரிக்க வேண்டாமெனக் கோருதல்.' இதற்கும் காரணம் வேண்டும். அதையும் கிழித்தேன்.

நல்ல வெள்ளைத் தாள் இரண்டு வீண்.

ஜூன் 15, புதன்

இதை இன்றே எழுதாவிட்டால் வெடித்துவிடுவேன்.

பின்னேரம் நாலு மணிக்கு இராசமலருக்கு மனு எழுதிக் கொடுத்து அனுப்பினேன். "அடுத்த ஆள்" என்றேன். அடுத்த ஆளாக அவர் வந்து நின்றார். தேய்த்த சேட்டு. கையில் வெள்ளைத் தாள், ஓரம் மடித்து.

"ஒரு மனு எழுத வேணும்."

"ஆருக்கு?"

"எனக்கு."

வாசலில் போட்டிருந்த கதிரையைக் காட்டினேன். இருந்தார். நான் எல்லாரிடமும் கேட்பதுபோலவே கேட்டேன்.

"பேர்?"

"தெரியும்தானே."

"கேட்டதுக்குச் சொல்லோணும்."

"குலசிங்கம். தகப்பன் பேர் வல்லிபுரம். வயது அறுபத்தொண்டு."

"பொருள்?"

"நூற்றிப் பதினேழில இருந்து என்ர பேரை எடுக்கச் சொல்லி. எடுத்து, அந்த மற்ற முகாமுக்கு மாத்தச் சொல்லி."

எழுதினேன்.

"காரணம்?"

அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காரணம் இல்லாத மனு நிக்காது" என்றேன்.

"உங்களுக்குத் தெரியும்தானே, காரணம்."

"எனக்குத் தெரிஞ்சு காணாது. ஆர்.ஐ. அம்மாவுக்குத் தெரியோணும்."

பிறகு, நான் அங்கே இல்லாததுபோல, யாரோ மூன்றாம் ஆளிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

"அவ எனக்காகச் சொன்ன பொய்யை முப்பத்திரண்டு வருசம் காவிக்கொண்டு திரிஞ்சவ. என்னால அவவுக்கு ஒரு சொல்லு, ஒரு பகிடி கேக்காத நாள் இல்லை. இப்பதான் அவவுக்கெண்டு ஒரு வீடு வருது. அதில அவ தன்ர பாட்டில கதவைத் திறந்து, தன்ர பாட்டில பூட்டிக்கொண்டு இருக்கோணும். குறுக்க ஒரு ஆம்பிளை கிடக்கக் கூடாது. அப்பிடி எழுதுங்கோ."

"நீங்கள் அங்க போய் ஆரோட இருப்பியள்?"

"அதை மனுவில எழுதத் தேவையில்லை."

எழுதினேன். 'மேற்படி காரணத்தை முன்னிட்டு' போட்டேன். 'தாழ்மையுடன்' போட்டேன். என் வாழ்நாளில் எழுதிய மனுக்களில் இதுதான் மிகத் திருத்தமானது. ஒரு எழுத்துப் பிசகில்லை. அவர் கையெழுத்துப் போட்டார். "இருபதாம் தேதி மற்ற மனுக்களோட நீங்களே குடுத்துவிடுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

என்னிடம் கேட்கவேயில்லை! எனக்குக் கதவு வேண்டுமா, குறுக்கே ஆள் வேண்டுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு இன்று கிண்ணம் கொடுக்கவில்லை.

ஜூன் 16, வியாழன்

குழம்பு நிறைய மிஞ்சி, பழுதாகிவிட்டது. கொட்டினேன்.

ஜூன் 17, வெள்ளி

ஜெனிற்றா வந்து என் மனுப் பையைத் தன் மனுவுக்காகத் துழாவியவள், அவருடையதைக் கண்டுபிடித்துவிட்டாள். வாசித்தாள். முகம் சிவந்துவிட்டது.

"இது என்ன விசர் வேலை, அம்மா?"

"அவர் கேட்டார், எழுதினன்."

"ஆர் எதைக் கேட்டாலும் எழுதுவியளோ? போன கிழமை ஒருத்தன் மாமியாரை எடுக்கச் சொல்லி வந்தான் எண்டு நீங்களே சொல்லிச் சிரிச்சியள். அவனைத் திருப்பி அனுப்பினியள். அப்பாவை மட்டும் ஏன் அனுப்பேல்லை?"

நான் கீரை ஆய்ந்தேன்.

"என்ர சேர்ட்டிபிக்கட்டில தகப்பன் பேர் ஆரம்மா? கல்யாணத்துக்கு என்ர கையைப் பிடிச்சுக் குடுத்தது ஆர்? கார்டு பிழையாம், கார்டு. பிழையான கார்டில எல்லாம் சரியாத்தானே நடந்திருக்கு." மூக்கைச் சிந்தினாள். "எத்தினை பேருக்கு எத்தினை மனு எழுதியிருப்பியள்? உங்களுக்கெண்டு ஒண்டு எழுத ஏலாதோ?"

"எழுதிப் பாத்தன். காரணம் வருகுதில்லை."

"காரணம் வந்திட்டுது. உங்களுக்கு எழுத வெக்கமாக் கிடக்கு" என்றாள்.

பெற்ற தாயிடம் பேசுகிற பேச்சா இது? கீரையில் பாதி தண்டோடு போய்விட்டது.

ஜூன் 19, ஞாயிறு

பூசையில் மரியதாசனுக்காக ஒப்புக்கொடுக்கச் சொன்னேன். பிறகு எல்லாரும் போனபின் முன் வாங்கில் தனியே இருந்து அவரிடம் நேராகவே கேட்டேன். "நீங்கள் நல்ல மனிசன். உங்களை நான் மறக்கேல்லை, மறக்கவும் மாட்டன். ஆனால் எனக்கு அம்பத்தேழு வயதாகுது. அந்த மனிசன் போனால் எனக்குத் துக்கமாக இருக்கும். என்ன சொல்லுறியள்?"

பதில் ஒன்றும் வரவில்லை. ஆனால் மனம் பாரமில்லாமல் இருந்தது. மரியதாசன் உயிரோடு இருக்கும்போதும் எதற்கும் மறுப்புச் சொன்னதில்லை.

வீட்டுக்கு வந்து நல்ல தாளாக ஒன்று எடுத்தேன்.

ஜூன் 20, திங்கள்

காலை ஐந்தரைக்கு எழுந்து புட்டும் சம்பலும் செய்தேன். கிண்ணத்தில் புட்டை வைத்து, மேலே வாழையிலைத் துண்டு, அதன் மேல் நாலாக மடித்த மனு. சுவரின் மேல் வைத்துத் தட்டினேன். கை வந்தது, கிண்ணம் போனது.

மனு இதுதான். பிரதி எடுத்து வைத்திருக்கிறேன், பழக்கதோசம்.

'அனுப்புநர்: மெற்றில்டா, அறை எண் 17.
பெறுநர்: திரு. வ. குலசிங்கம், அறை எண் 18.
பொருள்: புது வீட்டில் ஒன்றாகக் குடியிருக்கச் சம்மதம் கோருதல்.

ஐயா, தாங்கள் 15-ஆம் தேதி கொடுத்த மனுவில் எனக்குக் குறுக்கே ஒருவரும் இருக்கக் கூடாது என்று எழுதச் சொன்னீர்கள். என்னைக் கேளாமல் சொன்னீர்கள். அது பிழை. புது வீடுகளின் சுவர் கூரை வரை போகிறது. கிண்ணம் கொடுக்க வழியில்லை. இது முதலாவது காரணம். நீங்கள் போனால் நான் அழுவேன். இது இரண்டாவது காரணம். வேறு காரணங்களும் உண்டு, அவற்றை நேரில் சொல்வேன். ஆகவே தங்கள் மனுவைத் தாங்களே திரும்பப் பெற்றுக்கொள்ளும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.'

கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கால் மணி நேரம். பிறகு கிண்ணம் திரும்பி வந்து சுவரின் மேல் இருந்தது. எட்டி எடுத்தேன்.

வெறுமை.

முப்பத்திரண்டு வருசத்தில் முதல் தரம். கழுவித் துடைத்து, உள்ளே ஒன்றும் இல்லாமல். ஒரு தேசிக்காய் இல்லை, ஒரு கருவேப்பிலை இல்லை. சரி, பதில் வந்துவிட்டது என்று நினைத்தேன். கிண்ணத்தை அடுக்கில் கவிழ்த்து வைத்தேன். அவருடைய மனுவை எடுத்துப் பையில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன். தலையை இழுத்துச் சீவினேன். நல்லாய் அழுகை வந்தது, மனு எழுதுகிறவள் அழுத முகத்தோடு போகக் கூடாது என்று தண்ணீரை அள்ளி அடித்தேன்.

கதவில் தட்டுச் சத்தம். சுவரில் இல்லை, கதவில்.

திறந்தால் அவர் நிற்கிறார். காதில் பெயின்ட் இல்லை, புருவத்தில் பெயின்ட் இல்லை. அந்த முகத்தை எதைப் போட்டு உரசினாரோ தெரியவில்லை, சிவந்திருந்தது.

"கிண்ணத்தில வைக்க ஏலாத சாமான்" என்றார். "அதான் நேர வந்தனான்."

"மனுவை வாசிச்சியளோ?"

"நாலு தரம்."

"என்ன முடிவு?"

"பெட்டி கட்டியாச்சு."

"எங்க போக?"

"நீங்கள் சொல்லுற வீட்டுக்கு" என்றார். பிறகு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "உள்ள வரலாமோ?" என்று கேட்டார்.

"வாங்கோ" என்றேன். வேறு என்ன சொல்வது? இப்படி ஒரு ஆளுக்கு முப்பத்திரண்டு வருசம் எடுத்திருக்கிறது, ஒரு கதவுக்குள் வர.

பத்து மணிக்கு மேசைக்கு முன்னால் சேர்ந்து போய் நின்றோம். தன் மனுவை அவர் என் கையிலிருந்தே வாங்கி மடித்துச் சேட்டுப் பையில் போட்டுக்கொண்டார். ஆர்.ஐ. அம்மா பழைய பதிவேட்டில் எங்கள் பக்கத்தைப் புரட்டியவர் சிரிக்கத் தொடங்கிவிட்டார்.

"ஏம்மா, உங்க பக்கத்துல ஒவ்வொரு ஆபீசரும் ஒரு குறிப்பு எழுதி வச்சிருக்காங்களே! 'கணவன் மனைவி தனித்தனி அடுப்பு, அறிவுரை கூறப்பட்டது.' இது தொண்ணூத்தாறு. 'மீண்டும் அறிவுரை கூறப்பட்டது.' இது ரெண்டாயிரத்து மூணு. 'எவ்வளவு சொல்லியும் பயனில்லை.' இது ரெண்டாயிரத்துப் பதினொண்ணு." நிமிர்ந்து பார்த்தார். "இப்ப நான் என்ன எழுதட்டும்? பிரிச்சிரலாமா? கார்டுல திருத்தம் ஏதாவது இருக்கா?"

இராசமலர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது எனக்குப் பின்னால் தெரிந்தது. எனக்கு முந்தி அவர்தான் பேசினார்.

"திருத்தம் ஒண்டும் இல்லை அம்மா. எழுதியிருக்கிறபடி சரி."

ஆர்.ஐ. அம்மா எழுதினார். நான் தலைகீழாகவே வாசித்துவிட்டேன், அது என் தொழில். 'சமாதானமாகிவிட்டனர்.'

"அப்படி என்னதாங்க சண்டை, முப்பது வருஷமா?" என்று கேட்டார்.

"மறந்து போச்சு" என்றோம் இரண்டு பேரும்.

இராசமலர் ஓவென்று அழுதாள். தான் போன ஈஸ்டருக்கு வைத்த நேர்த்திதான் பலித்தது என்று இப்போது முகாம் முழுக்கச் சொல்லித் திரிகிறாள். ஜெனிற்றா வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றாள், அவ்வளவுதான்.

ஜூலை 3, ஞாயிறு

புது வீட்டுக்கு வந்து மூன்றாவது நாள். குலுக்கலில் வாசல் வரிசை கிடைத்தது. உள்ளறைச் சுவர் மெல்லிய நீலம். குலுக்கலில் எந்த வீடு விழும் என்று எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். எல்லா வீட்டு உள்ளறைக்கும் அதே நீலம்தான் அடித்தாராம். ஒப்பந்தக்காரர் தலையில் அடித்துக்கொண்டாராம்.

போன ஞாயிறு மாதா சொரூபத்துக்கு முன்னால் சாமியார் எங்களை நிற்க வைத்துச் செபித்தார். இது பழைய சண்டையைத் தீர்த்து வைக்கும் ஆசீர்வாதம் என்று எல்லாரும் நினைத்தார்கள். சாமியாருக்கு மட்டும் பாவசங்கீர்த்தனத்தில் உண்மையைச் சொல்லியிருந்தேன். அவர் முடிந்த மட்டும் சிரிக்காமல் செபித்தார்.

என் சாமான்களையும் அவர் சாமான்களையும் சேர்த்தபோது எல்லாம் இரண்டிரண்டாக இருந்தது. இரண்டு அடுப்பு, இரண்டு அரிவாள், இரண்டு உப்புச் சாடி. ஒரு அடுப்பை ஜெனிற்றாவிடம் கொடுத்தேன். கிண்ணத்தை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை. இப்போது அதில் தேசிக்காய் போட்டு வைத்திருக்கிறேன்.

இன்று முதல்முறையாக எதிர் எதிரே இருந்து ஒரே சட்டியில் இருந்து எடுத்துச் சாப்பிட்டோம். மீன் குழம்பு. அவர் இரண்டு வாய் உண்டார். நிறுத்தினார். என்னைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார்.

"உப்புக் கொஞ்சம் கூட" என்றார்.

முப்பத்திரண்டு வருசம் இந்த மனிதர் வாயைத் திறக்கவில்லை. எனக்கு வந்த கோபத்தில் கரண்டியைக் கீழே வைத்தேன், வைத்தபிறகு சிரிப்பு வந்துவிட்டது, அவருக்கும் வந்துவிட்டது, பக்கத்து வீட்டிலிருந்து இராசமலர், "என்ன, திரும்பத் தொடங்கியாச்சோ?" என்று கத்தும் வரைக்கும் சிரித்தோம்.